பேச்சைக் கேட்டு எழுதுவதற்குத் தமிழில் என்ன சொல்? 'படியெடுத்தல்' பொருந்துமா?

பெரம்பூர் வாசகி

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் பின்னி மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் சிலரின் பேச்சை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒலிப்பதிவு செய்து வருகிறோம். மில் 1996-இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. இதுவரை 11 மணி நேரப் பேச்சு சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து, ஒரு சிறு புத்தகமாகக் கொண்டுவரப் போகிறோம்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் யார் யார் என்ன செய்தோம் என்று போட வேண்டும். 'டிரான்ஸ்கிரிப்ஷன்' என்பதற்கு அகராதியில் 'படியெடுத்தல்' என்று இருந்தது. அதனால் 'ஒலிப்பதிவைப் படியெடுத்தவர்கள்' என்று எழுதி, மாதிரிப் பக்கத்தை ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "யாரோட நோட்டைப் பார்த்தும்மா எழுதினீங்க?" என்று கேட்டார். நான் திகைத்துப் போனேன். யாருடைய நோட்டும் இல்லை. அவர் பேசினார், நாங்கள் கேட்டோம், எழுதினோம். அவர் காதில் 'படியெடுத்தல்' என்ற சொல் 'காப்பி அடித்தல்' என்றுதான் விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. அப்படியானால் கேட்டு எழுதுவதற்குத் தமிழில் சொல் என்ன? புதிதாக உருவாக்கிய சொல் எனக்கு வேண்டாம். நம்மிடம் ஏற்கெனவே புழங்கிய சொல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

கல்லெழுத்து

உங்கள் பெரியவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கல்வெட்டு வேலையில் 'படியெடுத்தல்' என்றால் எங்களுக்கு ஒரே பொருள்தான். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்வோம். நனைத்த காகிதத்தை அதன்மேல் விரித்து, எழுத்தின் பள்ளங்களுக்குள் காகிதம் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடிப்போம். பிறகு மையை ஒற்றுவோம். கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். கல்லில் இருப்பது அப்படியே காகிதத்துக்கு வருகிறது. ஏற்கெனவே எழுத்தாக இருக்கும் ஒன்றிலிருந்து இன்னொரு படி கிடைக்கிறது, அவ்வளவுதான். ஓலைச்சுவடியைப் பார்த்து இன்னொரு சுவடி எழுதுவதும் படியெடுத்தல்தான்.

ஆகவே படியெடுக்கக் கண்ணும் கையும் போதும். உங்கள் வேலையில் காது இருக்கிறது. பேச்சுக்கு மூலப்பிரதி என்று எதுவும் கிடையாது, நீங்கள் எழுதுவதுதான் முதல் பிரதி.

இலக்கண மாணவன்

இந்தக் குழப்பம் தமிழில் தொடங்கியதில்லை. ஆங்கிலச் சொல்லே லத்தீனிலிருந்து வந்தது. 'டிரான்ஸ்' என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. 'ஸ்க்ரிபெரே' என்றால் எழுதுதல். ஒன்றைப் பார்த்து இன்னோரிடத்தில் எழுதுவதுதான் பழைய பொருள். மடங்களில் புத்தகத்தைப் பார்த்துப் புத்தகம் எழுதிய காலத்துச் சொல் அது. பேச்சைக் கேட்டு எழுதுவது, இசையைக் கேட்டு ஸ்வரம் குறிப்பது எல்லாம் பிற்பாடு அதற்குள் வந்து சேர்ந்தவை. நம் அகராதிகள் பழைய பொருளை வைத்துப் 'படியெடுத்தல்' என்றன. அந்தப் பொருளுக்கு அது நல்ல சொல்தான்.

அதனால்தான் உயிரியல் பாடத்தில் அது அழகாகப் பொருந்துகிறது. டி.என்.ஏ.-வில் இருக்கும் எழுத்து வரிசை ஆர்.என்.ஏ.-வுக்கு வருவதைப் பள்ளிப் புத்தகம் 'படியெடுத்தல்' என்கிறது. அங்கே தைமினுக்குப் பதில் யுராசில் வருகிறது, மற்றபடி எழுத்திலிருந்து எழுத்துக்குத்தான் போகிறது. அந்த இடத்தில் அந்தச் சொல்லை யாரும் குறை சொல்ல முடியாது.

'ஒலிபெயர்ப்பு' என்று ஒருவர் சொல்ல வாய்ப்பிருக்கிறது, அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். அது வேறு வேலை. 'லண்டன்' என்ற ஊர்ப்பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோமே, அதற்குத்தான் அந்தச் சொல்லைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். மொழியியலில் ஒலிப்பைத் துல்லியமாகக் குறிக்கப் பன்னாட்டு ஒலிப்பியல் கழகத்தின் குறியீடுகள் இருக்கின்றன. 1886-இல் பாரிஸில் தொடங்கிய கழகம் அது. 'காகம்' என்று எழுதும்போது நாம் ஒரே 'க'வை இரண்டு முறை எழுதுகிறோம், ஆனால் இரண்டாவது 'க' வேறு மாதிரி ஒலிக்கிறது. அந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கான எழுத்து அது. பெரம்பூர் வாசகி அவர்களுக்கு வேண்டியது அதுவும் அல்ல.

அண்ணா நகர் ஐ.டி.

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் 'டிரான்ஸ்கிரிப்ட்' என்றுதான் சொல்கிறோம். யூடியூபிலும் அப்படித்தான், ஆபீஸ் மீட்டிங்கிலும் அப்படித்தான். பஸ், சோப்பு, பேனா மாதிரி அதுவும் தமிழில் இருந்துவிட்டுப் போகட்டுமே. வேண்டுமானால் 'பேச்சை உரையாக்கியவர்' என்று போடலாம். கணினியில் எழுத்தை 'உரை' என்றுதானே சொல்கிறோம்?

பெரம்பூர் வாசகி

டிரான்ஸ்கிரிப்ட் என்று வாயால் சொல்வதில் எனக்குத் தடையில்லை, நாங்களும் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் இந்தப் புத்தகத்தை முதலில் படிக்கப் போகிறவர்கள் அதில் பேசியிருக்கும் பெரியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும். அவர்களுக்கு விளங்காத சொல்லைப் போட மனம் வரவில்லை.

இலக்கண மாணவன்

'உரை' பற்றி ஒரு வார்த்தை. தமிழில் உரை என்றால் முதலில் பேச்சுதான். 'உரைத்தான்' என்றால் சொன்னான். மேடையில் ஆற்றுவதும் உரை. அதே சொல் பரிமேலழகர் உரை என்று வரும்போது எழுதி வைத்த விளக்கத்தைக் குறிக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்றால், ஆசிரியர் சொன்ன விளக்கம் மாணவர் வாய் வழியே வந்து, ஒரு கட்டத்தில் ஓலை ஏறியது. இறையனார் களவியலுக்கு நக்கீரர் கண்ட உரை முசிறி ஆசிரியர் நீலகண்டனார்வரை வரிசையாக ஒருவர் ஒருவருக்குச் சொல்லி வந்தது என்று அந்த உரையே கூறுகிறது. சொன்ன பொருளும் எழுதிய பொருளும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால் 'பேச்சை உரையாக்குதல்' என்றால் கேட்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. பேச்சைப் பேச்சாக்குதல் என்றுகூடக் கொள்ளலாம்.

'எழுத்து' என்ற சொல்லும் இப்படித்தான். நன்னூல் 'மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து' என்கிறது. அங்கே எழுத்து என்பது ஒலி. நம் இலக்கணக்காரர்கள் எழுத்துக்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டு வடிவம் சொன்னார்கள். என்னைக் கேட்டால், உங்கள் வேலைக்கு மிக நேரான விளக்கம் இதில் இருக்கிறது: ஒலிவடிவில் இருந்ததை வரிவடிவுக்குக் கொண்டுவருகிறீர்கள். 'வரிவடிவாக்கம்' என்று போடலாமா?

நாலாம் வகுப்பு டீச்சர்

வரிவடிவாக்கம் என்று போட்டால் பெரியவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேள்வி கேட்பார்.

எங்கள் வகுப்பில் தினமும் நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது: சொல்வதெழுதுதல். நான் சொல்வேன், பிள்ளைகள் எழுதுவார்கள். 'டிக்டேஷன்' என்பதற்கு இதைவிடத் தெளிவான சொல்லை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன எந்தத் தமிழருக்கும் தெரியும். சொல்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர் என்று இரண்டு பேருமே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். சொல்வதெழுதுதலில் பிள்ளைகள் செய்யும் பிழையைப் பார்த்தால் கேட்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். 'பள்ளி' என்றால் 'பல்லி' என்று எழுதுவார்கள். நான் சரியாகத்தான் சொல்லியிருப்பேன். வீட்டில் ள, ல இரண்டையும் ஒன்றாகப் பேசிப் பழகிய காது அதைத்தான் கேட்கிறது. அதற்காக அடிக்கக் கூடாது, திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஸ்டெனோ

இந்தத் திண்ணையில் நான் அதிகம் எழுதுவதில்லை. இந்தப் பேச்சு என் தொழிலைப் பற்றியது என்பதால் எழுதுகிறேன். அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக வாழ்நாளைக் கழித்தவன். பாரிமுனையில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் பிட்மேன் முறை கற்றேன். 1837-இல் ஐசக் பிட்மேன் வெளியிட்ட முறை. ஒலியை வைத்து எழுதுவது, எழுத்துக்கூட்டை வைத்து அல்ல. மெல்லிய கோடு ஓர் ஒலி, அதே கோட்டை அழுத்திப் போட்டால் வேறொலி. ப-வுக்கு மெல்லியது என்றால் அதன் அழுத்தமான ஒலிக்குத் தடித்தது. உயிரொலிகளைப் புள்ளியாலும் சிறு கோட்டாலும் குறிக்க வேண்டும். வேகம் கூடும்போது அவற்றை விட்டுவிடுவோம். கோடு வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் உட்கார்ந்திருக்கிறதா, வரியை வெட்டிப் போகிறதா என்பதைப் பார்த்தே உள்ளே என்ன உயிர் என்று கண்டுகொள்வோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் தேர்வில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் டிக்டேஷன் எடுப்போம், அதாவது அவர் சொல்ல நாம் நோட்டில் கோடு போடுவோம். அப்புறம் அந்தக் கோடுகளைப் பார்த்து முழு எழுத்தில் தட்டச்சு செய்வோம். இந்த இரண்டாவது வேலைக்குத்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று பெயர். பேச்சைக் கேட்பதற்கு அல்ல. மாணவர் ஐயா சொன்ன லத்தீன் பொருள் எங்கள் தொழிலில் அப்படியே இருந்தது: எழுத்திலிருந்து எழுத்து. டேப் ரிக்கார்டர் வந்தபின் நடுவில் இருந்த நோட்டு போய்விட்டது. பேச்சிலிருந்து நேராகத் தட்டச்சுக்குப் போனார்கள். பெயர் மட்டும் பழைய கட்டத்தின் பெயராகவே தங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

அந்த நடுக் கட்டத்தை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். அதிகாரி 3 மணிக்குச் சொல்லி முடிப்பார், நான் 5 மணிக்குப் பெயர்த்து எழுத உட்காருவேன். கோடு ஒன்றுதான் இருக்கும், அது மூன்று சொல்லாக விரியும். எது என்று தீர்மானிக்க அந்த மனிதர் பேசும் விதம் நினைவில் இருக்க வேண்டும். அவர் எதை எப்படிச் சொல்வார் என்று தெரிந்தால்தான் கோடு பேசும்.

அல்லிக்கேணி

பெரம்பூர் வாசகி அம்மா, நீங்கள் புழங்கிய பழைய சொல் கேட்டீர்கள். ஒன்று இருக்கிறது. வைணவ வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள்: பட்டோலை கொள்ளுதல்.

13-ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை என்ற ஆசிரியர் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லி வந்தார். எழுதவில்லை, சொன்னார். கூட்டம் உட்கார்ந்து கேட்டது. அந்தக் கூட்டத்தில் வடக்குத் திருவீதிப்பிள்ளை என்ற சீடர் இருந்தார். பகலில் கேட்டதை இரவில் வீட்டில் ஓலையில் எழுதி வைத்துக்கொண்டே வந்தார். யாருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் நம்பிள்ளை அவர் வீட்டுக்கு எழுந்தருளியபோது, பெருமாள் எழுந்தருளியிருக்கும் இடத்தில் ஓலைக் கட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். தேவரீர் சொன்னதை மறக்காமல் இருக்க எழுதிக்கொண்டேன் என்றார் சீடர். பிரித்துப் பார்த்தால், சொன்னது கூடாமல் குறையாமல் அப்படியே இருந்தது. ஆசிரியருக்கு மகிழ்ச்சி. ஆனால் கேட்காமல் எழுதியது எப்படி என்ற வருத்தமும் உண்டு. ஓலைகளைத் தம்மிடம் வாங்கிக்கொண்டு, பிறகு ஈயுண்ணி மாதவரிடம் கொடுத்தார். அவர் வழியாக அது பரம்பரையாக வந்தது. அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. இங்கே படி என்பது 32 எழுத்துக் கொண்ட அளவு. 36,000 படி என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 11 லட்சத்து 52 ஆயிரம் எழுத்து. ஒருவர் பேசியதை இன்னொருவர் காதால் வாங்கி எழுதியது.

இதைத்தான் 'நம்பிள்ளை அருளிச்செய்ய, வடக்குத் திருவீதிப்பிள்ளை பட்டோலை கொண்டார்' என்று சொல்கிறோம். சொன்னவர் பெயரும் எழுதியவர் பெயரும் பிரிந்து, இரண்டும் மரியாதையோடு நிற்கின்றன. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைதான் பின்னாளில் பெரிய வைணவ ஆசிரியரான பிள்ளை லோகாசாரியார்.

இதே நம்பிள்ளையின் இளமையில் படியெடுத்தலும் நடந்தது. அவருடைய ஆசிரியர் நஞ்சீயர் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படி என்ற திருவாய்மொழி உரையைக் கொடுத்து, நல்ல படி ஒன்று எழுதித் தரச் சொன்னார். காவிரியைக் கடக்கும்போது வெள்ளத்தில் ஓலை போய்விட்டது. வீட்டுக்குப் போய், கேட்டிருந்ததை நினைவிலிருந்தே எழுதினார். சில இடங்களில் புதுப்பொருளும் சேர்ந்துவிட்டது. நஞ்சீயர் கோபிக்கவில்லை, 'நம் பிள்ளை' என்று அணைத்துக்கொண்டார், அந்தப் பெயரே நிலைத்தது. ஒரே மனிதர் வாழ்க்கையில் படி எழுதுவதும் பட்டோலை கொள்ளப்படுவதும் இரண்டும் இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனிச் சொல்லும் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

கல்லெழுத்து

அல்லிக்கேணி ஐயா, மனம் நிறைந்தது. சோழர் கல்வெட்டிலும் இந்த வேலை பிரிந்தே இருக்கிறது. அரசன் வாய் திறந்து சொல்வது 'திருவாய் மொழிந்தருளுதல்'. அதைக் கேட்கும் அதிகாரிக்குத் 'திருவாய்க்கேள்வி' என்று பெயர். ஓலையில் எழுதுபவர் 'திருமந்திர ஓலை'. அவர்களுக்கு மேலே 'திருமந்திர ஓலை நாயகம்'. கேட்பதற்கே ஒரு பதவி இருந்த காலம் அது.

உத்தரமேரூர்ச் சபைக் கல்வெட்டு முதலாம் பராந்தகன் காலத்தது, குடவோலை முறைக்காக எல்லோரும் அறிந்தது, 919-லும் 921-லும் வெட்டியது. அதன் முடிவில் மத்தியஸ்தன் ஒருவன், பெருமக்கள் பணிக்க இந்த வியவஸ்தையை, அதாவது விதிமுறையை, நான் எழுதினேன் என்று தன் பெயரைச் சொல்கிறான். அவர்கள் பணித்தார்கள், நான் எழுதினேன். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே நீங்கள் தேடும் அந்தப் பெயர்ப்பட்டியல் கல்லில் இருக்கிறது.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்' என்று வரும். கல்லிலே வெட்டுக என்று 'திருவாய் மொழிஞ்சருள' வெட்டினார்கள். கவனியுங்கள், 'கொடுத்தன' என்று இல்லை, 'குடுத்தன'. 'மொழிந்தருள' என்று இல்லை, 'மொழிஞ்சருள'. இன்று நாம் வீட்டில் பேசுவதும் 'குடுத்தான்', 'செஞ்சான்' என்றுதானே. பேரரசனின் வாக்கியத்தைக் கல்லில் ஏற்றியபோதும் பேச்சின் ஓசையை யாரும் அழிக்கவில்லை. அந்தச் சுவரின் முன்னால் நின்று அந்த வரியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

பெரம்பூர் வாசகி

இதைப் படித்ததும் எங்கள் குழுவில் உடனே பகிர்ந்தேன். காரணம், எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே இதுதான். ஒரு பெரியவர், "மில்லாண்ட போய்க்கினு இருந்தோம், சங்கு ஊதிட்டான்" என்கிறார். எங்களில் இருவர் இதை 'மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தோம், சங்கு ஊதிவிட்டது' என்று திருத்த வேண்டும் என்கிறார்கள். படிப்பவர்கள் அவரைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். எனக்கோ 'ஊதிட்டான்' என்பதை மாற்றவே மனமில்லை. சங்கு ஊதியது யாரோ ஒரு மனிதன் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. 'ஊதிவிட்டது' என்றால் அது போய்விடுகிறது.

வாய்ஸ் டைப்பிங்கில் போட்டுப் பார்த்தோம். 2017-இலிருந்து கூகுளில் தமிழுக்கு அந்த வசதி இருக்கிறது, நிதானமாகப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது. பெரியவர்கள் பேச்சில்தான் தடுமாறுகிறது. 'சங்கு' என்று அவர் சொன்ன இடத்தில் 'சங்கம்' என்று எழுதியது. மற்ற பேச்சாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் இது பெரம்பூர் மில். 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான். பேச்சில் சங்கமும் வருகிறது, சங்கும் வருகிறது. அதனால் ஒவ்வொரு இடத்தையும் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

ஹெட்ஃபோன்

நான் 2000-களில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் இருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் சொல்லி அனுப்பும் ஃபைலை இரவெல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். காலடியில் ஒரு பெடல், மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும், இன்னொரு பக்கம் மிதித்தால் பின்னால் போகும். சம்பளம் வரிக் கணக்கில், இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. சென்னையில் எங்கள் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இந்த வேலை பார்த்தோம், எம்.டி. என்றால் டாக்டர் பட்டம் என்று நினைத்து வீட்டுக்கு வருபவர்கள் விசாரிப்பார்கள்.

அங்கே முதல் நாளில் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று இன்னும் என் கையில் இருக்கிறது: கேட்காததை எழுதாதே, வெற்றிடம் விடு. ஹைப்பர்டென்ஷனுக்கும் ஹைப்போடென்ஷனுக்கும் நடுவில் ஓர் அசைதான் வேறுபாடு. ஒன்று ரத்த அழுத்தம் கூடுவது, மற்றது குறைவது. ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று தெரியாமல் மருந்தளவை எழுதினால் ஓர் உயிர் போகலாம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, எந்த நிமிடம் எந்த விநாடி என்று குறித்து மேலே அனுப்புவோம். எடிட்டர் கேட்பார். அவருக்கும் கேட்கவில்லை என்றால் அவருக்கும் மேலே தரம் பார்க்கும் க்யூ.ஏ. கேட்பார்.

கல்லெழுத்து சார் எழுதியதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. திருவாய்க்கேள்வி, திருமந்திர ஓலை, ஓலை நாயகம் என்று அவர் சொன்ன வரிசை எங்கள் ஆபீஸ் வரிசை மாதிரியே இருக்கிறது. நாங்கள் செய்ததை வெறும் டைப்பிங் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேட்பதற்கு ஒரு பதவிப் பெயர் இருந்தது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

வாசகி மேடம், 'சங்கு' மாதிரி இடங்களில் நிச்சயம் இல்லை என்றால் புள்ளி வைத்து விட்டுவிடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். அப்புறம் பேசியவர்களிடமே போய்க் கேளுங்கள், எங்களுக்குத்தான் அந்த டாக்டரைக் கேட்க வழியில்லை, உங்களுக்கு இருக்கிறது.

அண்ணா நகர் ஐ.டி.

நான் மேலே எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். 'டிரான்ஸ்கிரிப்ட்' போதும் என்று சொன்னேன், இந்த இழையைப் படித்தபின் அப்படித் தோன்றவில்லை. எழுதி முடித்த தாளுக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் இருக்கட்டும். செய்த வேலைக்கும் செய்தவருக்கும் தமிழில் பெயர் இருப்பதுதான் சரி.

ஒரு சந்தேகம். பட்டோலை என்று போட்டால் இன்று எத்தனை பேருக்குப் புரியும்?

அல்லிக்கேணி

நியாயமான கேள்வி, தம்பி. எங்கள் வட்டத்துக்கு வெளியே அது கிட்டத்தட்ட வழக்கிழந்துவிட்டது. புத்தகத்தில் அதைப் போடச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். அந்தச் சொல் இருக்கிறது என்று இந்த இழையில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்தால் எனக்குப் போதும். ஆனால் அதன் வாக்கிய அமைப்பைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 'இன்னார் சொல்ல, இன்னார் எழுதியது'. சிதம்பரத்தில் மாணிக்கவாசகர் திருவாசகம் சொல்ல, இறைவனே அந்தணராக வந்து எழுதிக்கொண்டு, திருவாதவூரன் சொல்ல எழுதியது என்று ஏட்டில் கையெழுத்திட்டுப் போனதாக வரலாறு. நான் வைணவன்தான், ஆனாலும் அந்தக் கதை எனக்கு உயிர். எழுதியவன் கடவுளாகவே இருந்தாலும் 'அவர் சொல்ல' என்று முதலில் வருகிறது பாருங்கள்.

நாலாம் வகுப்பு டீச்சர்

அப்படியானால் 'சொன்னவர்', 'கேட்டு எழுதியவர்'. பத்திரிகைகளில் பேட்டிக்குக் கீழே 'எழுத்தாக்கம்' என்று போடுகிறார்கள், ஆனால் அது எழுதியவர் தன் கைவண்ணத்தையும் சேர்த்த மாதிரி தொனிக்கிறது. 'கேட்டு எழுதியவர்' என்றால் என் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், பெரியவருக்கும் புரியும்.

இலக்கண மாணவன்

என் 'வரிவடிவாக்க'த்தைத் திரும்பப் பெறுகிறேன். 'கேட்டெழுதுதல்' என்று சேர்த்து எழுதினால் வேலையின் பெயராகவும் நிற்கும். சொல்வதெழுதுதல் சொல்கிறவர் நடத்தும் வேலை, கேட்டெழுதுதல் எழுதுகிறவர் நடத்தும் வேலை. பெரியவர் உங்களுக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்லவில்லை, அவர் பாட்டுக்குப் பேசினார். அதனால் இரண்டாவதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

பேச்சுநடை பற்றியும் என் கருத்து: 'போய்க்கினு', 'மில்லாண்ட' இரண்டையும் அப்படியே விடுங்கள். 'ஆண்ட' என்பது 'அண்டை'யிலிருந்து வந்தது, பக்கத்தில் என்று பொருள். அது பிழை இல்லை, சென்னைத் தமிழின் வேற்றுமை உருபு. எழுத்துக்கூட்டு மட்டும் புத்தகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும். ஓரிடத்தில் 'இருக்குது', இன்னோரிடத்தில் 'கீது' என்று அவரே மாற்றிப் பேசியிருந்தால் அதையும் மாற்ற வேண்டாம்.

பெரம்பூர் வாசகி

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். புதிய பக்கத்தைக் காட்டினேன். இப்படி இருக்கிறது: 'சொன்னவர்கள்' என்று முதலில் அவர்கள் பெயர்கள். அடுத்து 'கேட்டு எழுதியவர்கள்'. அதன் கீழே 'ஒலிப்பதிவோடு ஒப்புப் பார்த்தவர்', அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. படித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு சங்கு வரும் அந்த வரியைப் படித்துக் காட்டச் சொன்னார். "ஊதிட்டான்" என்று நான் படித்ததும், ஊதியவர் யார், எந்த வீட்டில் இருந்தார் என்று இன்னும் அரை மணி நேரம் பேசினார். நல்லவேளை, ரிக்கார்டரை எடுத்துப் போயிருந்தேன்.

இப்போது ஏழு இடங்களில் புள்ளி வைத்திருக்கிறோம். அவற்றில் ஐந்து இடங்கள் மூன்றாவது ஒலிப்பதிவில் வருகின்றன. அன்று மழை, தகரக் கூரை, பேசியவரும் மெதுவாகப் பேசினார். எங்களில் மூன்று பேர் மாறி மாறிக் கேட்டும் பிடிபடவில்லை.

ஓய்வுபெற்ற ஸ்டெனோ

அந்த மூன்றாவது பதிவை அனுப்புங்கள் அம்மா. புள்ளி வைத்த இடங்களின் நிமிடக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். முதலில் அவர் பேசும் மற்றப் பதிவு ஏதாவது ஒன்றை முழுக்கக் கேட்டு அவர் குரலைப் பழகிக்கொள்கிறேன், பிறகு அந்த ஐந்து இடத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை வீட்டில் சத்தம் இருக்காது.

ஹெட்ஃபோன்

எனக்கும் அனுப்புங்கள். ஸ்டெனோ சார் கேட்டு முடித்ததும் நான் தனியாகக் கேட்கிறேன். அவர் என்ன எழுதினார் என்று முதலில் எனக்குச் சொல்ல வேண்டாம், இரண்டையும் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.